பெட்ரோல் கொதிக்கும் உயரம்

ஊரில் உள்ள பாதிப் பேர் கல்யாணம் செய்துகொள்ள மாமல்லபுரத்துக்கு வருகிறார்கள். மணலில் நாற்காலி போட்டு, பறக்கிற புடவையைப் பிடித்துக்கொண்டு, தாலி கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவருக்கு இது பெரிய சங்கடம். வாசலில் கிடக்கிற கடலைக் காட்டி மகன் கல்யாணத்தை நடத்தினால் யார் மதிப்பார்கள்? அதனால் நரசிம்மன் சார் மலையைத் தேர்ந்தெடுத்தார். ஏலகிரி. மே மாதம்.

மலையோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. காரையும் கேட்டார்.

கார் தீனதயாளன் அண்ணனுடையது. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. அண்ணனின் அப்பா அதை வெல்டிங் பட்டறையில் விட்டுக் கூரையை அறுத்து எடுத்தார். அன்றிலிருந்து அது ஜானவாசக் கார். இப்போது விண்டேஜ் என்கிறார்கள். கூரை இல்லாத எதையும் விண்டேஜ் என்று சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் இருக்கிறார்கள்.

ஜானவாசம் என்பது கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, முன்னால் நாயனம் வாசிக்க, உறவினர்கள் கூடவே நடந்து மண்டபத்துக்கு அழைத்து வருவது. கார் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். நாயனக்காரர் நின்றால் காரும் நிற்க வேண்டும். மண்டபத்தில் லக்னப் பத்திரிகை படிப்பார்கள். இன்னார் பெண்ணை இன்னார் பிள்ளைக்கு என்று சபையில் வாசித்துவிட்டால் பேச்சு முடிந்தது.

அண்ணனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு நான்தான் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் ஓ.எம்.ஆரில் ஆறு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான் அந்தக் கதை.

ஏப்ரலில் நரசிம்மன் சார் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு ஆல்பம். அதில் ஒரு போட்டோவைக் காட்டினார். கார் முழுக்கப் பூ. பானெட் எங்கே, விளக்கு எங்கே என்று தெரியாத அளவுக்குப் பூ. நடுவில் மீசை இல்லாத ஒரு ஒல்லி மனிதர், கழுத்து வரை மாலை.

“நான்தான். எண்பத்தொன்பது. இதே கார்,” என்றார். “என் பையனுக்கும் இதேதான். இதே மாதிரிப் பூ.”

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “வண்டி கீது சார். மலைக்குத்தான் வாணாம். மெதுவா ஊர்ந்துகினு போற வண்டி. வெயில் காலத்துல மேல ஏத்துனா பெட்ரோலு கொதிச்சிரும்.”

நரசிம்மன் சார் சிரித்தார். அவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உருக்கிய சோடியத்தைக் குழாய்களில் ஓடவிட்டு, அது எங்கேயும் கொதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய உத்தியோகம். இது எங்களுக்கு அன்றைக்கு மூன்று தடவை தெரிவிக்கப்பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நூறு டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஏலகிரியில் தொண்ணூற்றாறில் கொதிக்கும். பெட்ரோலும் அப்படித்தான், சீக்கிரமே ஆவியாகும். இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் வேறு கலக்கிறார்கள், அது இன்னும் மோசம். பழைய காரில் என்ஜினை ஒட்டி ஒரு சின்ன பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். குழாயில் ஆவி நிறைந்தால் அதனால் உறிஞ்ச முடியாது. ஸ்ட்ரா வழியாகக் காற்றைக் குடிக்கிற மாதிரி. வண்டி நின்றுவிடும்.

“புரிஞ்சுதா?” என்றார்.

“புரிஞ்சுது சார்,” என்றார் அண்ணன். “அப்ப மலைக்கு வாணாம்தானே?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

“லாரில ஏத்தியாவது அனுப்பட்டா சார்? மேல போய் எறக்கிக்கலாம்.”

“ஜானவாசக் கார் லாரில வந்து இறங்கினா சம்பந்தி என்ன நினைப்பார்? ஓட்டிண்டு வரச் சொல்லுங்கோ.”

அவர் போனதும் அண்ணன் என்னைப் பார்த்தார். “இன்னாடா பிரவினு. நான் சொன்னா பட்டறைப் பேச்சு. அவரு சொன்னா சயின்ஸு. ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொன்னோம். ஆனா வண்டி போவணுமாம்.” பிறகு இரண்டு சணல் சாக்கும் ஒரு பிளாஸ்டிக் குடமும் எடுத்து டிக்கியில் வைத்தார். “பம்ப் மேல ஈரச் சாக்கு போடு. இருவது நிமிசம். பானெட்டைத் தொறந்து வை. காத்துதான் மருந்து.”

*

ஜானவாசத்தன்று விடிகாலையில் நான் கிளம்பும்போது மாப்பிள்ளை கொட்டகைக்கு வந்து நின்றார். பெயர் ஸ்ரீவத்ஸன். முப்பத்தொரு வயது. சிறுசேரியில் வேலை. உறவினர்கள் எல்லாரும் ஏசி பஸ்ஸில் போகிறார்கள், தான் என்னோடு வருவதாகச் சொன்னார்.

“வெயில்ல வெந்துருவீங்க சார்.”

“பரவால்ல. பஸ்ல போன் பேச முடியாது.”

காஞ்சிபுரம் தாண்டியதும் போன் வந்தது. கூரை இல்லாத காரில் காற்று இரைச்சல் அதிகம். அதனால் ஸ்பீக்கரில் போட்டார். நான் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை. டிரைவர்கள் கேட்க மாட்டார்கள் என்பது நடுத்தர வர்க்கத்தின் உறுதியான நம்பிக்கை.

“சொல்லிட்டியா?” என்றது பெண் குரல்.

“இன்னும் இல்ல மது. காலம்பறலேர்ந்து ஆள் சுத்திண்டே இருந்தா.”

“ஆறு மாசமாச் சுத்திண்டிருக்காளா?”

“இன்னிக்குச் சொல்லிடறேன்.”

“வத்ஸா, கேளு. லக்னப் பத்திரிகை படிக்கறதுக்கு முன்னாடி உங்கப்பாகிட்ட சொல்லியாகணும். நான் சொல்ல மாட்டேன். எங்கப்பாவும் சொல்ல மாட்டார். நீதான் சொல்லணும். சொல்லலேன்னா நான் மேடைக்கு வந்து உக்கார மாட்டேன்.”

“மெரட்டறியா?”

“வாய்தா குடுக்கறேன். ஏற்கெனவே நாலு குடுத்தாச்சு. இதுக்கு மேல கிடையாது.”

போனை வைத்துவிட்டு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதற்காக என்னிடம் சொன்னார். அப்பாவிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாதவனிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

மதுவந்தி செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். நரசிம்மன் சார் ஓய்வு பெற்றதும் கேளம்பாக்கத்தில் நாலு அறை உள்ள ஃப்ளாட் ஒன்றை வாங்கியிருந்தார். மகனும் மருமகளும் அங்கேயே இருப்பார்கள் என்பது அவருடைய முடிவு. வாசலில் பெயர்ப்பலகைகூட மாட்டியாகிவிட்டது. அதில் மதுவந்தி ஸ்ரீவத்ஸன் என்று இருக்கிறது, வக்கீல் என்பது இல்லை. மதுவந்தி கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டாள். இவரும் போய்ப் பார்த்து, நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மிச்சம் ஒன்றுதான். அப்பாவிடம் சொல்வது.

“சொல்ல வேண்டியதுதானே சார்.”

“உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியாது.”

“தெரியும் சார். கொட்டகைக்கு வந்தாரு.”

“எதிர்த்துப் பேசினாக் கோவிச்சுக்க மாட்டார். அதான் கஷ்டம். உக்கார வெச்சு விளக்குவார்.”

வேலூரில் நாற்பத்திரண்டு டிகிரி. சீட் ரெக்ஸின் தொட்டால் சுட்டது. மலையடிவாரத்தில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு ஏறினோம். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் என்ஜின் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றது. பானெட்டைத் திறந்தேன். பம்புக்குப் போகிற குழாய்க்குள் பெட்ரோல் குமுறுகிற சத்தம் கேட்டது. டீக்கடைப் பாத்திரம் மாதிரி. ஸ்ரீவத்ஸன் காதை வைத்துக் கேட்டார்.

“நிஜமாவே கொதிக்கறதா?”

“உங்கப்பா ஆவியாகும்னுதான் சொன்னாரு.”

சாக்கை நனைத்துப் போட்டேன். இருபது நிமிஷம் சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். குரங்கு ஒன்று வந்து பின் சீட்டில் உட்கார்ந்து, மாப்பிள்ளை மாதிரியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனது. பிறகு வண்டி ஒரே சாவியில் கிளம்பியது.

“சாயங்காலமும் இப்படி நிக்குமா?” என்று கேட்டார். குரலில் பயம் இல்லை. ஆசை இருந்தது.

“பானெட்ல காத்து போற வழிய மூடாம இருந்தா நிக்காது.”

அவர் முகம் வாடியது. கார் நின்றால் மண்டபம் வராது. மண்டபம் வராவிட்டால் பத்திரிகை படிக்க மாட்டார்கள். படிக்காதவரை சொல்ல வேண்டியதில்லை. அவர் கணக்கு அப்படி. கடன் கொடுத்தவன் வருகிற பஸ் தாமதமானால் வாங்கினவன் சந்தோஷப்படுவது போல.

*

மதியம் மூன்று மணிக்குப் பூக்காரர்கள் வந்தார்கள். வலையில் மல்லியும் ரோஜாவும் கோத்து, பாய் மாதிரி ஒன்றைச் செய்திருந்தார்கள். அதைப் பானெட் மேல் விரித்து, கம்பியால் இழுத்து நான்கு பக்கமும் முறுக்கினார்கள். பக்கவாட்டுத் துவாரங்கள், முன்னால் காற்று போகிற ஜாலி, எல்லாம் பூவுக்குள் போய்விட்டன.

நரசிம்மன் சாரிடம் போனேன். “சார், சைடுல கீற ஓட்டைய மூடிட்டாங்க. காத்து போவாது. காலைல ஏழாவது வளைவுல நின்னுச்சு.”

“ஏழாவது வளைவுல என்ன உயரம் இருக்கும்?” என்றார்.

“தெரியாது சார்.”

“அங்கே செங்குத்தா ஏத்தம், லோடு ஜாஸ்தி. அதான். இங்கே சாயந்திரம் சமதளத்துல ஊர்ந்துண்டு போகப்போறது. லோடே இல்ல.”

“ஊர்ந்துகினு போனாத்தான் சார் காத்து வராது.”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. அவர் பையிலிருந்து அந்த ஆல்பம் போட்டோவை எடுத்துப் பூக்காரரிடம் காட்டி, “விளக்கு மேலயும் மூடணும், பாருங்கோ,” என்றார்.

ஆறு மணிக்கு ஊர்வலம் ஏரிப் பக்கத்திலிருந்து கிளம்பியது. மலை மேலேயும் அன்றைக்குப் புழுக்கம். ஸ்ரீவத்ஸன் கோட்டும் மாலையுமாகப் பின் சீட்டில், அவரைச் சுற்றி ஐந்தாறு குழந்தைகள். முன்னால் நாயனம், தவில். நாயனக்காரர் நல்ல வித்வான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு ராகத்தை முழுசாக வாசித்துவிட்டுத்தான் நகர்வார். அவர் வாசிக்கும்போது என் என்ஜின் சும்மா ஓடிக்கொண்டு வெந்துகொண்டிருந்தது. மூன்றாவது திருப்பத்தில் கால் பக்கமிருந்து அனல் வந்தது. நாலாவதில் மண்டபம் தெரிந்தது. முந்நூறு அடி தள்ளி, ஒரு ஏற்றத்துக்கு அப்புறம், சீரியல் விளக்குகளோடு.

அங்கேயே கார் இருமியது. நின்றது.

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நின்றுபோன காருக்கு வாசிப்பது மரியாதை இல்லை என்று நாயனக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றிவிட்டு டீ கேட்டார். அறுபது பேர் காரைச் சுற்றி நின்றார்கள். நரசிம்மன் சார் முன்னால் வந்தார். வந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு விளக்க ஆரம்பித்தார். காற்றழுத்தம், தொண்ணூற்றாறு டிகிரி, எத்தனால், ஸ்ட்ரா. கொட்டகையில் சொன்னது ஒரு சொல் மாறாமல் வந்தது. பஸ்ஸில் வந்த சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் செல்போனில் ரெக்கார்ட் செய்தார்.

“அண்ணா, எல்லாம் சரி,” என்றார் அவருடைய தம்பி உப்பிலி. “இப்ப என்ன பண்றது?”

“கூல் ஆகணும்.”

“பூவை வெட்டிட்டுப் பானெட்டைத் தொறக்கணும் சார்,” என்றேன்.

“பூவை வெட்டக் கூடாது. மண்டப வாசல்ல வந்து இறங்கறதை ட்ரோன்ல எடுக்கணும். அது வரைக்கும் பூ இருந்தாகணும்.”

“வாசலுக்குப் போனாத்தானே எறங்குவாரு.”

“தள்ளலாம்,” என்றார்.

தள்ளினார்கள். பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டு மாமாக்கள். அறுபத்து மூன்று வயது நரசிம்மன் சாரும் தோளைக் கொடுத்தார். நான் ஸ்டீயரிங் பிடித்தேன். பின்னால் மாப்பிள்ளை மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் அப்பா தன்னைத் தள்ளிக்கொண்டு போவது அவருக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். ஏற்றத்தில் நாலு அடி ஏறியது, மூன்று அடி இறங்கியது. உப்பிலி மூச்சு வாங்கிக்கொண்டே, “வத்ஸா, நீ இறங்கினா எண்பது கிலோ குறையும்டா,” என்றார்.

“மாப்பிள்ளை கால் தரையில படக்கூடாது,” என்றார் நரசிம்மன் சார். அப்படி ஒரு விதி இருப்பதாக அங்கிருந்த சாஸ்திரிகளுக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

அப்போதுதான் மண்டபத்திலிருந்து மதுவந்தி இறங்கி வந்தாள். பாதி அலங்காரம் முடிந்திருந்தது. தலையின் ஒரு பக்கம் பூ, இன்னொரு பக்கம் ஹேர்பின். பின்னால் அவளுடைய அம்மா கூப்பிட்டுக்கொண்டே வந்து, பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“வண்டிக்கு என்னண்ணா?” என்று என்னிடம் கேட்டாள்.

“பெட்ரோல் கொதிச்சிருச்சு மேடம்.”

“என்ன பண்ணணும்?”

“பூவை வெட்டணும். ஈரச் சாக்கு போடணும். இருபது நிமிஷம்.”

“ஏன் வெட்டல?”

நான் நரசிம்மன் சாரைப் பார்த்தேன். அவள் அவரைக் கேட்கவில்லை. காருக்குப் பக்கத்தில் போய் மாப்பிள்ளையைக் கேட்டாள். “வத்ஸா, வெட்டலாமா?”

அவர் அப்பாவைப் பார்த்தார். “அப்பா என்ன சொல்றாரோ…”

“அப்பா சொன்னதைத்தான் எல்லாரும் கேட்டாச்சே. நீ சொல்லு.”

அறுபது பேரும் ஒரு பூப்பாய்க்காகக் காத்திருந்தார்கள். அவர் கழுத்து மாலையைத் தளர்த்தினார்.

“வெட்டுங்கோ,” என்றார். சின்னக் குரல்தான். அவர் மறு வாய்தா கேட்பதற்குள் பூக்காரரிடம் கத்தியை வாங்கி நான்கு கம்பியையும் அறுத்துவிட்டேன். பானெட்டைத் தூக்கினதும் அனல் முகத்தில் அடித்தது. நரசிம்மன் சார் ஒரு அடி பின்னால் போனார். பூப்பாயை இரண்டு பேர் மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள், ஜமக்காளத்தை மடிப்பது போல.

மதுவந்தி பின் கதவைத் திறந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் கண்டுகொள்ளவில்லை.

“இருபது நிமிஷம் இருக்கு,” என்றாள். “உங்கப்பா அதோ நிக்கறார்.”

“எல்லாரும் இருக்கா மது.”

“ஆமாம்.”

நான் குடத்திலிருந்து சாக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை, “அப்பா,” என்று கூப்பிட்டார். நரசிம்மன் சார் திரும்பினார். “என்னடா?”

“தண்ணி வேணுமா?”

“வேண்டாம்.”

மதுவந்தி வேறு பக்கம் பார்த்தாள். பத்து நிமிஷம் ஆனது. அவர் கோட்டைக் கழற்றினார். பதினைந்து நிமிஷம் ஆனது. வாட்சைக் கட்டியிருந்த கையை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஆனால் என் போனில் மணி ஓடியது, அதை என்ன செய்ய முடியும்? குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. பானெட்டை மூடிச் சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பிவிட்டது. எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

“போகலாம், போகலாம்,” என்றார் நரசிம்மன் சார். “ஏழரைக்குப் பத்திரிகை படிக்கணும்.” நாயனக்காரர் டீ டம்ளரை வைத்துவிட்டு ஆரம்பித்தார். தவில் இடித்தது. நான் முதல் கியர் போட்டேன்.

அப்போது பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்ரீவத்ஸன் இறங்கிவிட்டார். நடக்கிற வேகத்தில் போகிற காரிலிருந்து இறங்குவதற்குப் பெரிய வீரம் ஒன்றும் வேண்டாம். ஆனால் அப்பா கண்ணெதிரில் அவர் தானாக இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேகமாக நடந்து முன்னால் போனார், அப்பாவின் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். தவில் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார் மனிதர். அறுபது பேர் முன்னால் சொல்லலாம், அறுபது பேருக்கும் கேட்காது.

அவர் வாய் அசைந்தது. நரசிம்மன் சார் குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடியும் வாய் அசைந்தது. கை செங்கல்பட்டு இருக்கிற திசை என்று அவர் நினைத்த ஒரு திசையைக் காட்டியது. நரசிம்மன் சார் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் நின்றதால் கார் நின்றது. கார் நின்றதால் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். நாயனக்காரர் மட்டும் அதை ஒரு திருப்பமாக எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு ராகத்தை ஆரம்பித்தார்.

“சொல்லிட்டானா?” என்றாள் மதுவந்தி பின்னாலிருந்து.

“எதையோ சொல்லிக்கினு இருக்காரு மேடம்.”

நரசிம்மன் சார் ஏதோ கேட்டார். மகன் இரண்டு கையையும் தூக்கி ஆறு விரலைக் காட்டினார். இருவரும் சும்மா நின்றார்கள். கால் பக்கம் மறுபடி அனல் ஏறியது. இன்னும் இரண்டு நிமிஷம் நின்றால் என்ஜின் அணைந்துவிடும். நான் ஹார்ன் அடித்தேன்.

நரசிம்மன் சார் திரும்பினார். நான் பானெட்டைக் காட்டினேன். அவருக்குப் புரியாமல் இருக்குமா? மகனைப் பார்க்காமல் காருக்கு வந்தார். முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டு வேஷ்டியில் கிரீஸ் கறை இருந்தது.

“போ,” என்றார்.

“மெதுவாப் போனாக் கொதிச்சிரும் சார்.”

“காத்து உள்ளே போற மாதிரி போ.”

இரண்டாவது கியர் போட்டேன். உறவினர்கள் ஒதுங்கினார்கள். நாயனக்காரரைத் தாண்டியபோது அவர் வாசிப்பை நிறுத்தவில்லை, கண்ணை மட்டும் அகலத் திறந்து பார்த்தார். மாப்பிள்ளையையும் தாண்டினோம். அவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“மாமா,” என்றாள் மதுவந்தி.

“நீயே சொல்லியிருக்கலாமேம்மா. அடுத்தாத்துப் பொண்ணா நீ?”

“நான் சொன்னா என் மேல கோவிச்சுண்டு, அதோட விட்டுடுவேள். அப்புறம் அவன் எப்பவுமே சொல்ல மாட்டான்.”

அவர் முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி, “ஆறு மாசமாத் தெரியுமாம்,” என்றார். “ஆறு மாசமா நான் அந்த ஃப்ளாட்ல உங்க ரூமுக்கு அலமாரி அடிச்சிண்டிருக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இவன் கூட வந்து டேப் பிடிச்சான்.”

“பிடிச்சானா?”

“பிடிச்சான். ஜன்னல் பக்கம் ஒரு இஞ்ச் தள்ளிக்கோங்கோன்னு யோசனைகூடச் சொன்னான்.”

எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. ஏற்றம் முடிந்து மண்டப வாசல் வந்தது.

மேலே ட்ரோன் வண்டு மாதிரி இரைந்துகொண்டு நின்றது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள். நடுவில் நரசிம்மன் சாரின் மனைவி பார்வதம். கார் வந்து நின்றதும் தட்டை உயர்த்தினார்கள். முன் சீட்டில் மாப்பிள்ளையின் அப்பா. பின் சீட்டில் பாதித் தலைப் பூவோடு கல்யாணப் பெண். தட்டு பாதி உயரத்தில் நின்றது. யாருக்குச் சுற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“வத்ஸன் எங்கே?” என்றார் பார்வதம்.

நரசிம்மன் சார் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. “பின்னாடி நடந்து வரான்,” என்றார். “வரட்டும்.”

மதுவந்தி இறங்கி வாசலில் நின்று கீழே பார்த்தாள். நாயனச் சத்தம் இன்னும் ஏற்றத்துக்குக் கீழேயே இருந்தது. நான் என்ஜினை அணைத்தேன். தட்டில் கற்பூரம் எரிந்து தீர்ந்தது. யாரோ இன்னொரு கட்டியை எடுத்து வைத்தார்கள்.